பெண்கள் படித்துறை

சொர்ணாம்பாளின் முழங்கால் வலி விழிதியூர் முழுக்கத் தெரிந்த விஷயம். கோயிலுக்குப் போனால் கொடிமரத்தோடு நின்றுகொள்வாள். துக்க வீடோ விசேஷ வீடோ, அவள் தலை தெருமுனையில் தெரிந்ததுமே யாராவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வயது இன்னும் அறுபதைத் தொடவில்லை. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்ணெய் தடவி வாரிய தலை, பளிச்சென்ற மூக்குத்தி, எடுப்பான முகம். எழுந்திருக்கும்போதுதான் அந்த முகம் கோணிப்போகும். இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றி, "முருகா" என்று ஒருதரம் கூப்பிட்டு எழுந்து, அப்புறமும் அடியெடுத்து வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.

வீட்டில் அவளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதிகமாகவே கவனித்தார்கள். கணவர் சோமசேகரன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலமும் உண்டு. மனைவிக்கு வலி என்று தெரிந்ததும் முதல் காரியமாக அடிபம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மோட்டார் வைத்தார். மகன் மணிவேலுக்கு வாஞ்சூரில் துறைமுகம் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசர் வேலை. அவன் பங்குக்கு வாஷிங் மெஷின் வாங்கினான். மருமகள் இளவேனில் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் விடிவதற்குள் எழுந்து மதியச் சமையலையும் சேர்த்து முடித்துவிட்டு, "அத்தை, நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கோலம் போடுவதும் போயிற்று. கொல்லையில் கீரைப்பாத்தி போடுவதும் போயிற்று. ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கடைசியில் சொர்ணாம்பாளுக்கு மிஞ்சியது டிவிக்கு எதிரே இருந்த நாற்காலிதான்.

உட்கார்ந்தாள். உடம்பு கனத்தது. கனத்த உடம்பைத் தாங்க முழங்காலுக்குச் சக்தியில்லை. இன்னும் அதிகமாக உட்கார்ந்தாள்.

ஒரு கார்த்திகை மாதத்தில் சோமசேகரன் அவளைக் காரைக்காலில் டாக்டர் ஜன்னத்திடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொர்ணாம்பாளைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, காலை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். வலது கால் கொஞ்சம் எழும்பி நடுங்கியது. இடது கால் எழும்பவே இல்லை.

"தேய்மானம் இருக்குதும்மா, இல்லேங்கல. ஆனா அத விட மோசம், தொடைச் சதை வேலையே செய்யல. உக்காந்து உக்காந்து அது தூங்கிப்போச்சு. வலிக்குதுன்னு நடக்க மாட்டேங்கறீங்க. நடக்காததால இன்னும் வலிக்குது."

"நடந்தா உயிரு போவுதேம்மா."

"அதுவும் நெசந்தான். தண்ணிக்குள்ள நடந்தா, நீந்தினா முட்டிக்குப் பாரமே தெரியாது. பெரிய ஊர்ல எல்லாம் அதுக்குன்னே கட்டி வச்சிருக்காங்க. நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

சோமசேகரன் சிரித்துவிட்டார். "இவளுக்கா? பாத்ரூம்ல தண்ணி தேங்கி நின்னாலே சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிப்பா டாக்டர்."

"தெரியும்" என்றாள் சொர்ணாம்பாள்.

சோமசேகரன் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அதற்குள் தினமும் கட்டிலில் படுத்தபடி செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். சோமசேகரன் காதில் அது ஒன்றும் ஏறவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் கேட்டார்.

"எங்க கத்துக்கிட்ட?"

"எங்க ஊர்ல. அரசலாத்துல. அக்கரைக்குப் போயி நாவப்பழம் பொறுக்கிட்டு வருவோம்."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீங்க கேக்கலியே."

அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. கட்டில் பயிற்சியைச் சொர்ணாம்பாள் கொஞ்ச நாள் செய்தாள். ஒருநாள் தலைவலி என்று விட்டாள். மறுநாள் கிருத்திகை என்று விட்டாள். பிறகு மறந்தே போனாள்.

தை மாதம் நாகப்பட்டினத்தில் சோமசேகரனின் அக்கா பேத்திக்குக் கல்யாணம். மணிவேலும் இளவேனிலும் முதல்நாளே பைக்கில் போய்விட்டார்கள். மற்ற இருவரும் முகூர்த்தத்தன்று காலை பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கையில் சீர்ப்பையோடு சொர்ணாம்பாள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது. படிக்கட்டு உயரம். வலது காலைத் தூக்கி வைத்தாள். இடது கால் தரையை விட்டு வரவில்லை. சோமசேகரன் பின்னாலிருந்து தாங்கினார். உள்ளே இருந்து ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் நிறைய ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் நல்ல பையன்தான், "மெதுவா, மெதுவா" என்றான். ஆனால் அந்த மெதுவா என்ற வார்த்தையிலேயே ஒரு அவசரம் இருந்தது. சொர்ணாம்பாள் காலைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"நீங்க போங்க தம்பி" என்றாள்.

பஸ் போய்விட்டது. சோமசேகரனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அக்கா வீட்டில் அவர்தான் மாமன் முறைக்கு நின்று பேச வேண்டியவர். ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டியாகிவிடும். வெயிலில் நின்றபடி அவர் சொன்னார்.

"உன்ன இழுத்துக்கிட்டு ஒரு எடத்துக்குப் போவ வர முடியல. இனிமே நீ எங்கயும் வராத. வீட்டோட கெட."

சொல்லிவிட்டு அடுத்து வந்த பஸ்ஸில் அவர் மட்டும் ஏறிப் போனார்.

சொர்ணாம்பாள் பட்டுப்புடவையோடு வீட்டுக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதுதான் அவளைக் கலக்கியது. திரும்பி வந்த சோமசேகரன் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. சாப்பாடு, காப்பி என்று ஒற்றைச் சொல்லாக நாட்கள் நகர்ந்தன.

அவர்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி ஒரு மூங்கில் கொத்து. அதற்கு அந்தப் பக்கம் செட்டிக்குளம். குளத்தின் மேல்கரையில் ஆண்கள் படித்துறை. மாடு குளிப்பாட்டுவதும் அங்கேதான். கீழ்கரையில் பெண்கள் படித்துறை. வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. ஆகாயத்தாமரை மண்டி, படிகளுக்கு நடுவே எருக்கு முளைத்துக் கிடந்தது.

கல்யாணம் முடிந்த அந்த வாரத்தில், சோமசேகரன் அறுவடை பார்க்க வயலுக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், சொர்ணாம்பாள் துணி காயப்போட்ட கழியை ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழ்கரைக்குப் போனாள். எதற்காகப் போனாள் என்று கேட்டால் அப்போது அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. படியில் நின்று இறங்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டாள். சின்னக் குழந்தை படியிறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். தண்ணீர் காலைத் தொட்டது. தை மாதத்துத் தண்ணீர், சில்லென்று இருந்தது. இடுப்புவரை வந்ததும் புடவைக் கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே வாரி இழுத்துப் பின்னால் செருகினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். படியை விட்டுக் கையை எடுத்தாள்.

உடம்பு மறக்கவில்லை. மூச்சுதான் மறந்துபோயிருந்தது. நாலு கை போட்டதுமே இரைத்தது. புரண்டு மல்லாந்துகொண்டாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பெரிய உடம்பு, பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து ஏற்ற முடியாத உடம்பு, ஒரு பூவரசு இலைபோல மிதந்தது. காலை ஆட்டிப் பார்த்தாள். வலிக்கவில்லை. மடக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வருவதுதான் பெரும்பாடு. படியில் குப்புற விழுந்து, தவழ்ந்து, எருக்கைப் பிடித்து எழுந்தாள். வீட்டுக்கு வந்து ஈரப்புடவையைக் கொல்லையிலேயே பிழிந்து உலர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். யாருக்கும் தெரியாது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் ஓடியிருக்கும். அன்றைக்கு அவள் குளத்தின் நடுப்பக்கம்வரை போய்விட்டாள். களைப்பாக இருந்ததால் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஐயனார் என்பவர் சைக்கிளில் கரையோரம் வந்தார். பக்கத்துத் தெருக்காரர். குளத்தின் நடுவே ஒரு கருஞ்சிவப்புப் புடவை. அதற்குமேல் கண் மூடிய ஒரு முகம். ஐயனார் சைக்கிளைக் கீழே போட்டார். "ஐயோ, சொர்ணாம்பா அம்மா!" என்று கத்தினார். அம்மா அசையவில்லை. ஐயனாருக்குக் குளத்தில் இறங்கத் தோன்றவில்லை. வயலைப் பார்த்து ஓடினார். ஓடும்போதே வழியிலிருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

சோமசேகரன் களத்துமேட்டில் நின்றிருந்தார். செய்தி காதில் விழுந்ததும் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 'வீட்டோட கெட' என்று தான் சொன்ன சொல் மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. செருப்பை விட்டார். துண்டை விட்டார். வரப்பில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தார். கீழ்கரைக்கு வந்தபோது புடவை அப்படியே மிதந்துகொண்டிருந்தது. "சொர்ணம்!" என்று அலறிக்கொண்டு படியில் இறங்கினார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. அது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. பாசிப்படியில் கால் வழுக்க, தடாலென்று தண்ணீருக்குள் போனார்.

தண்ணீர் அலம்பியதில்தான் சொர்ணாம்பாள் கண்ணைத் திறந்தாள். கரையில் ஒரு கூட்டம். படியோரத்தில் இரண்டு கைகள் மட்டும் மேலே வந்து வந்து முழுகின. அந்தக் கையிலிருந்த கடிகாரத்தை அவளுக்குத் தெரியும். எப்படித் திரும்பினாள், எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்தாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம் என்றால் அவருக்கு அது எப்போதோ கொட்டிப்போய்விட்டது. சட்டைக் காலரைப் பிடித்தாள். அவர் அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். "கைய விடுங்க, கைய விடுங்க!" என்று அதட்டி, முதுகுப்பக்கமாக வந்து தள்ளிக்கொண்டு படியில் சேர்த்தாள். அதற்குள் ஐயனாரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி அவரைத் தூக்கிவிட்டார்கள்.

சோமசேகரன் படியில் உட்கார்ந்து தண்ணீரைக் கக்கினார். இருமி முடித்ததும் மனைவியைப் பார்த்தார். அவள் ஈரமாக, மூச்சிரைக்க, உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சோமசேகரன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த இளவேனிலுக்குப் பஸ் நிறுத்தத்திலேயே முழுக்கதையும் கிடைத்துவிட்டது. புத்தகப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஏதாச்சும் ஒண்ணு ஆயிருந்தா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

இளவேனில் அப்போதுதான் புத்தகப்பையை இறக்கி வைத்தாள். விட்டிருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது.

சோமசேகரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சொர்ணாம்பாள் வெகுநாளைக்குப் பிறகு அடுப்படியில் நின்று மிளகு ரசம் வைத்தாள். கொண்டுபோய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"நான் அன்னைக்குச் சொன்னதுக்காகத்தான்னு நெனச்சேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஓடியாரப்ப எனக்கு வேற எதுவுமே மனசுல இல்ல. அந்த வார்த்ததான். இனிமே அந்தத் தண்ணிப் பக்கம் போவாத சொர்ணம். கேலி பண்றானுவ, அது கெடக்குது. இன்னொருதரம் அந்தமாரி ஓட என்னால முடியாது."

நாற்பது வயதில் அவர் இதையே கட்டளையாகச் சொல்லியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். இந்த வயதான மனிதர் கெஞ்சும்போது அவளால் மறுக்க முடியவில்லை. "சரி, ரசத்தக் குடிங்க" என்றாள்.

அவள் போகவில்லை. மாசி பிறந்தது. முழங்கால் மறுபடி இறுகியது. குளத்துக்குப் போன அந்த ஒரு வாரம் காலையில் எழும்போது கொஞ்சம் இலகுவாக இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூங்கில் கொத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடக்கிறது என்ற நினைப்பு நாள் முழுக்க இருந்தது.

சந்திரா அப்போதுதான் வந்தாள். கருக்களாச்சேரியிலிருந்து அலுமினியக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விழிதியூருக்கு வருவாள். சொர்ணாம்பாளை விட நாலைந்து வயது சின்னவள். பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருத்தெருவாகத் தலைச்சுமையோடு நடப்பவள் என்பதால் அவள் உடம்பு இரும்பு என்று சொர்ணாம்பாள் நினைத்திருந்தாள். அன்றைக்குக் கூடையை இறக்கிவிட்டு நிமிரும்போது சந்திரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்றாள்.

"என்னாடி, ஒனக்குமா?"

"கழுத்து, இடுப்பு எல்லாந்தான்க்கா. தலையில வச்ச பாரம் எங்க போவும்?" கூடையைத் திறந்து பாறை மீனை எடுத்துக் காட்டினாள். பிறகு அதைத் திரும்பப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஐயாவ இழுத்து கரை சேத்தீங்களாமே. எங்க ஊர்வரைக்கும் பேச்சு வந்துருச்சு."

"சிரிக்கறாங்களா?"

"சிரிச்சாங்க. நான் சிரிக்கல." சந்திரா கூடை விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"கடக்கரையில பொறந்துட்டு?"

"எந்த மீனவச்சிக்கா கடல்ல எறங்குவா? ஆம்பளைங்க போவாங்க, நாங்க கரையில நிப்போம். சுனாமி அன்னைக்கு என் தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன். தண்ணி வந்து தூக்கினப்ப எனக்குக் கைய ஆட்டணுமா காலை ஆட்டணுமான்னு தெரியல. நான் ஒரு வேப்பமரத்துல மாட்டிக்கிட்டேன். அவ போயிட்டா." கூடை விளிம்பை மறுபடி துடைத்தாள். "அதுலேர்ந்து மொகம் கழுவக்கூட ரெண்டு கையால தண்ணி அள்ள மாட்டேன். எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

சொர்ணாம்பாள் உள்ளே பார்த்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சோமசேகரன் பேப்பரைத் தாழ்த்தாமல் இருந்தார். ஆனால் பக்கம் புரளவில்லை.

மீனை வாங்கி, சந்திராவை அனுப்பிவிட்டு, சொர்ணாம்பாள் கூடத்துக்கு வந்தாள்.

"கேட்டீங்கள்ல?"

"ம்."

"நாளன்னைக்கு நான் போறேன். நீங்க பயப்படறது எனக்குத் தெரியுது. கரையில வந்து உக்காந்துக்குங்க. ஆனா போவாதன்னு சொல்லாதீங்க. இந்த நாக்காலியிலயே இருந்தாலும் நான் போயிருவேன். அது மெதுவா நடக்கறதால ஒங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாமல் மறுபடி துடைத்தார். "பாசி கெடக்குதே அந்தப் படியில" என்றார் கடைசியில்.

அவர் பழைய ஆபீசுக்குப் போய்த் தெரிந்தவர்களிடம் பேசினார். ஆட்கள் வந்து கீழ்கரையில் ஆகாயத்தாமரையை வாரிப் போட்டார்கள். படிகளைச் சுரண்டிப் பாசி எடுத்தார்கள். யாரும் கேட்காமலே சோமசேகரன் படியோரம் இரண்டு கழி நட்டுக் கைபிடிக்க ஒரு கயிறு கட்டினார். இளவேனில் தன்னுடைய பழைய சுடிதார் ஒன்றைப் பக்கவாட்டில் பிரித்து, துணி வைத்துத் தைத்து அத்தையிடம் கொடுத்தாள். "புடவை கால்ல சுத்திக்கும். இதப் போட்டுக்குங்க." சொர்ணாம்பாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் கொல்லை வாசலைத் தாண்டினாள்.

பெண்கள் குளிக்கிற இடத்தில் ஆண்பிள்ளை எப்படி உட்காருவது? சோமசேகரன் குளத்துக்கு முதுகைக் காட்டி, பூவரசு மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்க முடியாது, பார்க்காமலும் இருக்க முடியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் குரல் கொடுத்தார்.

"இருக்கியா?"

"இருக்கேன்!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இருக்கியா?"

சந்திராவுக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. "ஐயா, அக்கா மட்டுமா? நானும் இருக்கேன்!"

சந்திரா முதல் நாள் முழங்காலளவுக்கு மேல் வரவில்லை. கயிற்றைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. இரண்டாவது தடவை இடுப்பளவு. முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னபோது வைத்த வேகத்தில் எடுத்து, படியேறி ஓடிப்போய் ஈரத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று சொர்ணாம்பாள் நினைத்தாள். அடுத்த மீன் நாளில் வந்து நின்றாள். கூடையை மரத்தடியில் வைத்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்கினாள்.

சொர்ணாம்பாள் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து அவள் வயிற்றுக்கடியில் கொடுத்தாள். "காலை ஒதை. மொட்ட மாடியில காலால நெல்லு தள்ளுவோமே, அந்தமாரி." சந்திரா உதைத்தாள். குடம் நழுவி ஒரு பக்கம் போனது, சந்திரா ஒரு பக்கம் போனாள். இருவரும் தண்ணீரைக் குடித்து இருமினார்கள். சந்திராவைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கால் ஊன்றி முன்னும் பின்னும் நடந்து நடந்தே சொர்ணாம்பாளுக்குப் பாதிப் பயிற்சி ஆகிவிட்டது. தொடையில் ஒரு வலி தெரிந்தது. பழைய வலி இல்லை. வேலை செய்த சதையின் வலி. அதை அவள் மறந்தே பல வருஷம் ஆகியிருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் ஒருநாள், சந்திரா மல்லாந்து கிடந்தாள். சொர்ணாம்பாளின் உள்ளங்கை அவள் முதுகுக்கடியில் இருந்தது.

"கண்ணத் தொற. வானத்தப் பாரு. மூச்ச உள்ள இழு."

"கைய எடுத்துறாதீங்கக்கா."

"எடுக்கல."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். சந்திராவுக்குத் தெரியவில்லை. மிதந்துகொண்டிருந்தாள். நரைத்த தலைமயிர் அவளைச் சுற்றி விரிந்து அசைந்தது. சொர்ணாம்பாள் இரண்டு கைகளையும் மேலே தூக்கி அவளுக்குக் காட்டினாள். சந்திரா அந்தக் கைகளைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரமாகக் குளத்தில் இறங்கியது. ஆனால் முழுகவில்லை. அப்படியே கிடந்தாள்.

"இம்புட்டுதானா?" என்றாள் மெல்ல. "இம்புட்டுதானாக்கா?" சற்று நேரம் கழித்து, "அவளுக்குத் தெரிஞ்சிருந்தா" என்றாள்.

சொர்ணாம்பாள் அவள் தோளைத் தொட்டாள்.

மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "என்னா சத்தத்தயே காணும்? இருக்கீங்களா?"

"இருக்கோம்!" என்று இரண்டு பேருமே கத்தினார்கள்.

சேதி தெருவில் பரவியது. ஐயனாரின் மனைவி ஒருநாள் துவைக்க வருவதுபோல வந்து, துணியைத் துவைக்காமல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கால்களை நனைத்தாள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடும் எதிர்வீட்டு சாரதாம்பாள், "நீஞ்ச மாட்டேன், சும்மா நிப்பேன்" என்ற நிபந்தனையோடு இறங்கினாள். சித்திரை வெயிலில் குளம் வற்றித் தண்ணீர் இடுப்புக்கும் கீழே போய்விட்டது. நீந்த முடியவில்லை. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. சேற்றில் கால் புதையப் புதைய, தண்ணீரைத் தொடையால் தள்ளிக்கொண்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தார்கள். பேச்சு மட்டும் ஓயவில்லை. மருமகள் கதை, மீன் விலை, டிவி நாடகம் எல்லாம் அந்தக் குளத்தில் அலசப்பட்டது. சோமசேகரன் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து, "நீங்க பேசறதக் கேட்டு எனக்குத் தலவலிதான் வருது. முழுவமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்று வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் காவலுக்கு வரவில்லை.

வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சம்மணம் போட்டு உட்கார இன்றைக்கும் சொர்ணாம்பாளால் முடியாது. மழைநாளில் முழங்கால் குடையத்தான் செய்கிறது. ஆனால் டாக்டர் ஜன்னத்திடம் மறுபடி போனபோது, டாக்டரம்மா கட்டிலில் படுக்கச் சொல்லி இடது காலைத் தூக்கச் சொன்னார். கால் எழும்பியது. நடுங்கியபடிதான், ஆனாலும் எழும்பி அந்தரத்தில் நின்றது. "என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டதற்குச் சொர்ணாம்பாள் சொல்ல ஆரம்பித்தாள். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தும் டாக்டரம்மா எழுந்துபோகாமல் கதையை முழுக்கக் கேட்டார். கணவரைக் கரையேற்றிய இடம் வந்ததும் சோமசேகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவணியில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்து குளம் மறுபடி நிறைந்தது. ஒரு முற்பகல் சோமசேகரனின் அக்கா நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். வந்தவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது.

"எங்கடா சொர்ணம்? ஆசுபத்திரிக்கா?"

"கொளத்துல இருக்கா" என்றார் சோமசேகரன், மீன் அரிந்துகொண்டே. "சந்திரா வந்திருக்கா. ரெண்டு பேரும் இன்னைக்கு மேல்கரைவரைக்கும் போயிட்டு வரதாப் பேச்சு. வர நேரமாவும். நீ உக்காரு, நான் காப்பி போடறேன்."